அனுப்புநர்: அ அ அ

பானுப்ரியாவைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலருக்கு நல்லதாக ஒரு பக்கம் எழுதித் தரும்படி தலைமையாசிரியர் சீனுவாசன் சார் என்னிடம் கேட்டிருக்கிறார். இந்தப் பள்ளியில் வேறு ஆளே இல்லையா? ஓவியம் சொல்லித்தரும் கவிதா இருக்கிறாள், பானுவோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். அவளை விட்டுவிட்டு என்னைப் பிடித்தார். "நீங்களும் தமிழு, அவங்களும் தமிழு. பக்கத்து பக்கத்து கிளாஸ். உங்களுக்குத் தெரியாததா மேடம்?" என்றார். தெரியும். எல்லாம் தெரியும். அதனால்தான் ஒரு பக்கம் போதாது. மலருக்கு வேண்டிய பக்கத்தைத் தனியாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இது என் வயிற்றெரிச்சலுக்காக எழுதுவது.

ஆமாம், பொறாமைதான். மாதா கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட நான் இதைச் சொன்னதில்லை. இது பாவம் என்று எனக்குத் தோன்றினால்தானே சொல்வதற்கு?

என் பெயர் சகாயசெல்வி. விழுப்புரத்திலிருந்து காணைக்குப் போகிற சாலையில், ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினாறு வருடமாகத் தமிழாசிரியை. பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு என்னுடையது. தமிழில் என் பிள்ளைகள் ஒருவர்கூடத் தவறியது கிடையாது. கடிதம் எழுதும் கேள்வி என்றால் எங்கள் பிரிவுக்குப் பாயசம் சாப்பிடுகிற மாதிரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், இடம், நாள், இப்படிக்கு என்று வரிசை பிசகாமல் சொல்லும். கடைசியில் கட்டம் போட்டு உறைமேல் முகவரி எழுதுவதையும் ஒரு பிள்ளை மறக்காது. மறக்க நான் விடுவேனா?

போன ஜூன் மாதம் 'ஆ' பிரிவுக்குத் தமிழாசிரியர் இல்லாமல், தற்காலிகமாக வந்து சேர்ந்தவள்தான் பானுப்ரியா. பனமலைப் பக்கத்துப் பெண். அப்பா செல்வகுமாருக்குச் சொந்த நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் போடுகிறவர். திண்டிவனத்தில் பி.எட். படித்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரர் கோகுலகிருஷ்ணன் பேருந்து நிலையத்துக்கு அருகில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். தகுதித் தேர்வில் பாஸ் செய்துவிட்டு நிரந்தர வேலைக்குக் காத்திருந்தாள். தினமும் திண்டிவனத்தில் பாசஞ்சர் ரயில் பிடித்து, விழுப்புரத்தில் இறங்கி, டவுன் பஸ் ஏறி வருவாள். இவ்வளவு அலைந்து வருகிறவள் முகம் வாடியாவது இருக்கக் கூடாதா? அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி சிரித்துக்கொண்டு வருவாள். விழுப்புரத்தில் வீட்டிலிருந்து பஸ் ஏறப் போகிற பத்து நிமிட நடையிலேயே எனக்கு மூச்சு வாங்கும்.

வந்த ஒரு மாதத்தில் பிள்ளைகள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. மதியம் அவள் கேப்பை அடை கொண்டு வந்தால் ஜன்னலில் நாலு தலை தெரியும். ஆசிரியர் தினத்துக்கு அவளுக்குப் பூ, பேனா, கையால் செய்த வாழ்த்து அட்டை என்று மேசை கொள்ளவில்லை. எனக்கும் ஒரு ரோஜாப்பூ வந்தது, காம்பு ஒடிந்தது. அதையும் பானுதான் ஒரு குண்டூசி தேடி எடுத்து வந்து என் புடவையில் குத்திவிட்டாள். "உங்களுக்கு இந்தக் கலரு எடுப்பா இருக்குதுக்கா," என்றாள். மேடம் இல்லை, டீச்சர் இல்லை, அக்கா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் பாடம் நடத்துவது என் வகுப்பில் கேட்கும். நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். ஒருநாள் என் பிள்ளைகள் இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் அவள் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ப்ளஸ் டூ படிக்கும்போது அவள் ஊருக்குச் சாயங்கால பஸ் நின்றுபோனதாம். ஏரிக்கரை வழியாக இருட்டில் பெண் பிள்ளை நடந்து வரவேண்டாம் என்று அப்பா படிப்பை நிறுத்திவிட்டாராம். "ஒரு வருஷம் மல்லாட்டை புடுங்கிக்கினு வீட்லயே கெடந்தேன் புள்ளைங்களா. பஸ்ஸு வந்தப்புறம்தான் மறுபடி ஸ்கூலு," என்றாள். அந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்லை. இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தன. நானும்தான் கேழ்வரகுக் களி தின்று, நடந்து படித்தேன். யாரிடமாவது சொன்னேனா? சொல்லியிருந்தால் என் கதையையும் இப்படிக் கேட்டிருக்கும்.

அந்த பஸ் விஷயம்தான் எங்கள் பள்ளியிலும் வந்தது. சாலையை அகலப்படுத்தியபோது பள்ளி வாசலில் இருந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். இனிமேல் ஊர் முனையில்தான் பஸ் நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். பத்தாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு உண்டு. அது முடிந்து வெளியே வந்தால், கண்ணெதிரிலேயே ஐந்தரை பஸ் நிற்காமல் போகும். ஊர் முனைக்கு ஓடினாலும் பிடிக்க முடியாது. ஏரிக்கரைக் குடியிருப்புப் பிள்ளைகள் கரும்புக் கொல்லை நடுவே நடந்துதான் வீட்டுக்குப் போகவேண்டும். ஐப்பசி பிறந்தால் ஆறு மணிக்கே இருட்டிவிடும்.

என் வகுப்பில் ரோஜா என்று ஒரு பெண். எனக்குக் கிடைத்த பிள்ளைகளிலேயே நல்ல பிள்ளை, மாவட்டத்தில் பேர் வாங்கித் தருவாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பா அப்பாதுரை ஒரு நாள் மதியம் வந்து நின்றார்.

"டீச்சர், கொல்லையில பன்னி வருது. போன வாரம் ரெண்டு குடிகாரப் பசங்க வழியில உக்காந்துக்கினு இருந்தானுங்களாம். பொட்டப் புள்ளைய நான் எப்பிடிங்க அனுப்புறது? இந்த மாசம் பாக்கறேன். பஸ்ஸு நிக்கலன்னா அவ படிச்சது போதும்."

"பரீட்சைக்கு இன்னும் அஞ்சு மாசம்தாங்க. கெடுத்துடாதீங்க."

"நான் இன்னாங்க பண்றது? கரும்பு வெட்டு வேற வந்துடுச்சி. நான் போயி அழச்சிக்கினு வர முடியுமா?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை. ரோஜா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

இதை யார் யாரோ பானுவிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் அவள் கடிதம் எழுதும் பாடத்தை எடுத்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டது. "புக்குல இருக்கற லெட்டர மூடி வைங்க. டெப்போ மேனேஜருக்கு நெஜமாவே எழுதுவோம். உங்களுக்கு இன்னா கஷ்டமோ அத எழுதுங்க. ஸ்டாம்பு நான் வாங்கித் தர்றேன்."

என் பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்தன. "மிஸ், நம்பளும் எழுதலாமா மிஸ்?"

எழுதலாமாவா? எனக்கு என்ன கோபம் தெரியுமா? என் வகுப்புப் பெண்ணுக்காக, என் பாடத்தை, நேற்று வந்தவள் எடுத்து நடத்துகிறாள்! "எழுதலாம் இல்ல, எழுதுறோம். அவங்களுக்கு முன்னாடி நம்ம லெட்டர் போகுது. எடுங்க பேப்பரை," என்றேன். பிள்ளைகள் எழுதின பாருங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஓரம் விட்டு, பொருளுக்குக் கீழே கோடு போட்டு, 'எங்கள் பகுதி மக்கள் போதிய பேருந்து வசதியின்றிப் பெரிதும் அவதியுறுகின்றனர்' என்று தொடங்கி, முத்து முத்தாக. ஒவ்வொன்றையும் வாங்கி நானே திருத்தினேன். ஒற்றுப் பிழைகூட இல்லை. அன்று மாலையே விழுப்புரம் தபால் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பானு வகுப்புக் கடிதங்கள் இரண்டு நாள் கழித்துத்தான் போயின. ஒன்றிரண்டை ஆசிரியர் அறையில் பார்த்தேன். 'ஐயா' போட மறந்த கடிதம் ஒன்று. 'கொல்லையில பன்னி தொரத்துச்சி சார், செருப்பு அந்துபோச்சி' என்று ஒன்று. அரசாங்கத்துக்கு எழுதுகிற கடிதமா அது? திருத்தாமலே உறையில் போட்டாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் பிள்ளைகளின் கடிதத்தைப் படித்த கண்ணால் அந்த மேனேஜர் இதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று அன்று இரவு சாப்பிடும்போதுகூட நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பதில் வரவில்லை. தீபாவளி வந்து போனது. ஐந்தரை பஸ் பழையபடி நிற்காமல் போனது. அப்பாதுரை சொன்னதைச் செய்துவிட்டார். ரோஜா முதலில் சிறப்பு வகுப்புக்கு வரவில்லை, பிறகு பள்ளிக்கே வரவில்லை. கரும்பு வெட்டுகிற இடத்தில் சோறு கொண்டு போய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று போடும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது.

பானு அழவில்லை. தினமும் மதியம் சாப்பிட்ட கையோடு டெப்போவுக்குப் போன் போடுவாள். யாராவது எடுத்து, அப்புறம் பேசுங்கள் என்பார்கள். மறுநாள் மறுபடியும் போடுவாள். வெட்கமே கிடையாது. கடைசியில் அவர்களுக்கே பொறுக்காமல் ஒருநாள் டெப்போ மேனேஜர் மணிமாறனே நேரில் வந்துவிட்டார்.

தலைமையாசிரியர் அறைக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். மணிமாறன் ஒரு கட்டுக் கடிதத்தை மேசைமேல் வைத்தார். என் வகுப்புக் கட்டு. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இந்த மேடம் டெய்லி போன் பண்ணி பேஜார் பண்றாங்க. நான் கேக்கறேன், நீங்க எங்கள வச்சி வெளயாடுறீங்களா சார்?" என்று மேலே இருந்த கடிதத்தை எடுத்துப் படித்தார். "அனுப்புநர், அ அ அ அ. இ இ இ தெரு. உ உ உ ஊர். அடுத்த லெட்டர், அதுவும் அ அ அ அ. அத்தினியும் அ அ அ அ! யாருங்க இந்த அ அ அ? யாரோ கலாட்டா பண்றாங்கன்னு கட்டி மூலையில போட்டுட்டோம். பின்னாடி வந்த கட்டையும் இதே கேசுதான்னு பிரிக்கக்கூட இல்ல."

சீனுவாசன் சார் என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் நெருப்பு.

பரீட்சையில் பிள்ளைகள் சொந்தப் பெயரையோ ஊரையோ எழுதக் கூடாது. திருத்துகிறவருக்கு யார் தாள் என்று தெரிந்துவிடும், தாளே செல்லாமல் போகும். அதனால்தான் 'அ அ அ' என்று எழுதச் சொல்லி ஆறாம் வகுப்பிலிருந்தே பழக்குகிறோம். தமிழ்நாட்டில் எந்தத் தமிழாசிரியையை வேண்டுமானாலும் கேளுங்கள். பிள்ளைகள் பழகினபடி எழுதின. பதினாறு வருடம் அதையே பார்த்த என் கண்ணுக்கும் அது உறுத்தவில்லை. இதை அந்த ஆளிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "எங்க பிள்ளைங்க ரூல் தெரிஞ்ச பிள்ளைங்க சார்! உங்களுக்குத் தெரியலன்னா நாங்க இன்னா பண்றது?" என்றேன்.

"ரூல் தெரிஞ்சா போதுமாம்மா? பஸ்ஸு யாருக்கு நிக்கணும்? அ அ அ வுக்கா?"

இப்போது பானு சிரிப்பாள், இத்தனை நாள் நான் முகம் கொடுக்காததற்கெல்லாம் சேர்த்து வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அவள் எழுந்து, "அக்கா சொல்றது கரெக்டு சார். எக்ஸாம் ரூலு அது. ஆனா ஒவ்வொரு லெட்டருக்கும் ஒரு ஆளு இருக்குது. கூப்புடுறேன் பாருங்க," என்றாள்.

என் வகுப்பே வந்து வராந்தாவில் வரிசையாக நின்றது. ஒவ்வொரு பிள்ளையும் உள்ளே வந்து, தன் கையெழுத்தைப் பார்த்துத் தன் கடிதத்தை எடுத்துக்கொண்டு, பெயரையும் ஊரையும், எந்த வழியில் நடந்து போகிறது என்பதையும் சொன்னது. என் பிள்ளைகளுக்கு இவ்வளவு வாய் இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரியும். கடைசியில் மேசைமேல் ஒரு கடிதம் மீதி இருந்தது.

"இது யாருது?" என்றார்.

எனக்குத் தெரியாதா? வாரா வாரம் நான் திருத்துகிற கையெழுத்து. வாயைத் திறந்தேன், அதற்குள் பானு, "ரோஜா கையெழுத்து சார். பஸ்ஸு இல்லன்னு அந்தப் பொண்ண வீட்ல நிறுத்திட்டாங்க," என்று சொல்லிவிட்டாள். என் வகுப்புப் பெண்! என் ரோஜா! ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி பொறுத்திருக்கலாம் அவள்.

மணிமாறன் அந்தக் கடிதத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த திங்கட்கிழமை ஐந்தரை பஸ் பள்ளி வாசலில் நின்றது. காலை பஸ்ஸும் நின்றது. நானே ஏரிக்கரைக்குப் போய் அப்பாதுரையிடம் சொல்லி ரோஜாவைக் கூட்டி வந்தேன். பானுவும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதுவேனா? மணிமாறன் டிரைவர், கண்டக்டர்களிடம், "அந்த பானு மிஸ் கேட்டாங்களே, அந்த இடத்துல நிறுத்திப் போங்க," என்று சொல்லியிருக்கிறார். நிறுத்தத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. தினமும் காலையில் பஸ் வேகம் குறையும்போது கண்டக்டர் கத்துவார், "பானு மிஸ் ஸ்டாப்பெல்லாம் ஜல்தியா எறங்கு!" வியாபாரத்துக்கு வருகிறவர்கள், பால்காரர், எங்கள் சத்துணவு அமைப்பாளர் புனிதா, எல்லார் வாயிலும் பானு மிஸ் ஸ்டாப்பு. பதினாறு வருடம் இதே சாலையில் போய்வருகிற எனக்கு என்ன பெயர் கிடைத்தது தெரியுமா? பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் 'அ அ அ மிஸ்' என்று சொல்கிறார்களாம். கவிதா வந்து சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அரையாண்டுத் தேர்வோடு 'ஆ' பிரிவுக்கு நிரந்தர ஆசிரியர் மாறுதலில் வந்துவிட்டார். பானுவுக்கு வேலை முடிந்தது. இப்போது திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் இருக்கிறாள், வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். கடைசி நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரோஜாவப் பாத்துக்கோங்கக்கா," என்றாள். என் பெண்ணைப் பார்த்துக்கொள்ள எனக்கே சொல்கிறாள்! அவள் போன பிறகு ஆசிரியர் அறையில் பேச்சே குறைந்துவிட்டது. அதற்கும் எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது.

ஜனவரியில் ஒரு வேலை செய்தேன். நிறுத்தத்துக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்று என் பிள்ளைகளை டெப்போவுக்கு எழுதச் சொன்னேன். 'அரசு உயர்நிலைப் பள்ளி' என்று பலகை வந்துவிட்டால் அந்தப் பெயர் தானாக ஒழியும் இல்லையா? "பரீட்சைக்கு அ அ அ. இதுக்கு உங்க பேரு, உங்க ஊரு, உங்க வார்த்தை. என்ன பேரு வைக்கணும், ஏன் வைக்கணும்னு நீங்களே யோசிச்சு எழுதுங்க," என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

கட்டு வந்தது. உட்கார்ந்து திருத்தினேன். ஓரம் சரி, பொருள் சரி, கோடு சரி, உறைமேல் முகவரி சரி. அனுப்புநர் இடத்தில் அவரவர் பெயர், ஊர். ஒற்றுப் பிழை இல்லை. எல்லாக் கடிதத்திலும் 'பானு மிஸ் நிறுத்தம் என்று பெயர்ப்பலகை வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று இருந்தது. ரோஜா காரணமும் எழுதியிருந்தாள்: 'நான் மறுபடியும் பள்ளிக்கு வந்தது இந்த நிறுத்தத்தால்தான்.' சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு தப்பாவது கிடைக்குமா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், பாழாய்ப்போனவள் நான். எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து போட்டேன்.

கிழித்துப் போட்டிருக்கலாம். கை வரவில்லை, என் பிள்ளைகளின் சொந்தப் பெயர் இருக்கிற கடிதம். மறுநாள் காலை விழுப்புரத்தில் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். கண்டக்டர் புது ஆள். பெண்களுக்கான இலவச டிக்கெட் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கம்மா?" என்றார்.

"ஸ்கூல்."

"வழியில நாலு ஸ்கூலு இருக்குது. எந்த ஸ்டாப்பு?"

"காணைக்கு முன்னாடி, அந்த ஹைஸ்கூல்."

"ஸ்டாப்பு பேரு சொல்லுங்கம்மா."

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். "பானு மிஸ் ஸ்டாப்பு," என்றேன்.

"சத்தமா சொல்லுங்க, காதுல விழல."

"பானு மிஸ் ஸ்டாப்பு!" என்று கத்தினேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து, "நீங்கதான் அந்த பானு மிஸ்ஸா?" என்றார்.

"இல்ல. என் பேரு சகாயசெல்வி. பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு," என்றேன்.

அதற்குள் அவர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.